ஆட்டைப் பார்த்துக்கொண்ட மதினிக்கு

காசநோய்க்காகத் தோப்பூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி இறங்குகிறது, ராத்திரி இருமலும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுதத் தெம்பில்லை.

108 ஆம்புலன்ஸ் தம்பிகள், தோப்பூர் ஆஸ்பத்திரி நர்சம்மாக்கள், சளி டப்பாவில் எப்படித் துப்புவது என்று பொறுமையாகச் செய்துகாட்டிய அண்ணன், ஜிபேயில் பணம் போட்டுவிட்டுப் பேரைச் சொல்லாதே என்ற நண்பர்கள், எல்லாருக்கும் பெரிய கும்பிடு.

மற்றபடி இந்த மடல் பக்கத்து வீட்டு மதினிக்குத்தான்.

எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கம் விறகை மூட்டம் போட்டுக் கரியாக்குகிற கரிமூட்ட வேலைக்குப் போகிறவர்கள் இருமலை நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. "புகைக்குள்ள நின்னா இருமத்தான செய்யும்?" எழுந்து கருவேலம் வெட்டுகிற வரைக்கும் சுகம், படுத்தால்தான் சீக்கு. ரெண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளி டெஸ்ட் எடுக்க வேண்டுமாம். மூட்டத்தில் அந்தக் கணக்குப் பார்த்தால் ஊரே வரிசையில் நிற்க வேண்டும். அதனால் மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை, கோயில் துண்ணூறு, அதோடு சரி. படிக்காத சனம் அப்படித்தான் என்று சிலர் சொன்னார்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியும் தெரியும், அங்கே மருந்துக்குக் காசு வாங்குவதில்லை என்றும் தெரியும். அட்மிட் ஆகச் சொன்னதும் அவர் கேட்டது, "ஆட்டை யாரு பாப்பா?"

மதினியிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. விடிந்ததும் அவரே எங்கள் பட்டியைத் திறந்து, தன் ஆடுகளோடு சேர்த்து ஓட்டிப் போய்விட்டார். சாயங்காலம் போன் வந்தது. "அத்தே, செவலைக்குக் கழிச்சல் நின்னுருச்சு. மொட்டைக்கொம்புக் குட்டி காம்பப் புடிச்சிருச்சு. கருவ நெத்து ஒரு சாக்கு பொறுக்கி வச்சிருக்கேன்." உடம்பு எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. அதுவரை வீட்டுக்கு விடச் சொல்லி டாக்டரோடு மல்லுக்கு நின்ற அம்மா, போனை வைத்துவிட்டு மாத்திரைக்குத் தண்ணீர் கேட்டார்.

இன்னும் 6 மாதம் மாத்திரை ஓட வேண்டும். சத்தான சாப்பாட்டுக்கென்று மாதம் 1,000 ரூபாய் அரசு கணக்கில் போடுகிறது, முட்டைக்கு ஆகும். ஆடு மேய்க்கிற ஆளுக்கு எந்தத் திட்டத்தில் எழுதிக் கேட்பது?

மதினி, உங்கள் வலது கண்ணில் புரை விழுந்து எத்தனை காலம் ஆச்சு? "வயசானா மங்கத்தான செய்யும்" என்று நீங்கள் சொல்வதை இனிமேல் நம்ப மாட்டேன். ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பொங்கல் முடிந்ததும் போய்ப் படுங்கள், ரெண்டு வீட்டு ஆடும் என் பொறுப்பு. உங்கள் கிடாதான் என் பேச்சைக் கேட்காது. அதை எப்படி மடக்குவது என்று போகிறதுக்கு முன்னால் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.