2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கட்டற்ற மென்பொருள் பயனர் சங்கம் இந்த ஆண்டும் மாதந்தோறும் இரண்டாவது ஞாயிறு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்ற விவரங்கள் கூட்டக் குறிப்பேட்டில் உள்ளன. நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உதவி மேசைக்கு வந்த கணினிகளில் பெரும்பாலானவை இந்த ஆண்டு ஒரே நோயோடுதான் வந்தன: ஒரு பொதி (நிறுவுவதற்கான மென்பொருள் தொகுப்பு) கேட்கும் பதிப்பு ஒன்று, கணினியில் இருப்பது வேறொன்று.

மே மாதத்தோடு உபுண்டு இயங்குதளத்தின் 20.04 பதிப்புக்கான ஐந்தாண்டு வழக்கமான ஆதரவு முடிந்தது. உறுப்பினர்கள் பலர் 22.04க்கு மாறினார்கள். மாறியது சரிதான். ஆனால் அப்படி மாறும்போது, நாம் வெளியிலிருந்து சேர்த்த பிபிஏ களஞ்சியங்களை (தனிநபர்களோ குழுக்களோ நடத்தும் மென்பொருள் சேமிப்பகங்களை) உபுண்டு தானாகவே முடக்கிவிடும். அவற்றிலிருந்து முன்பு நிறுவிய பொதிகளோ அப்படியே தங்கிவிடும். சண்டை தொடங்குவது அங்கேதான்.

ஜூலைக் கூட்டத்துக்கு ஒரு கல்லூரி மாணவி மடிக்கணினியோடு வந்தார். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள நூலகத்தின் (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பின்) டெவ் பொதியை, அதாவது அதை வைத்து நிரல் எழுதத் தேவையான கோப்புகளை, நிறுவ முடியவில்லை. 'யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்' (பிடித்து வைத்த, உடைந்த பொதிகள் உள்ளன) என்று திரையில் வந்து நின்றது. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஃபிக்ஸ் புரோக்கன் போட்டுப் பார் என்றார் ஒருவர், ஃபோர்ஸ் பண்ணு என்றார் இன்னொருவர். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் மட்டும், "முதல்ல அது எங்கேயிருந்து வந்துச்சுன்னு பாரும்மா" என்றார்.

உபுண்டுவில் பொதிகளை நிறுவும் கருவி ஆப்ட். பதிப்பு மாறாமல் பிடித்து வைத்த பொதிகளைக் காட்டும் ஆப்ட்மார்க் ஷோஹோல்டு கட்டளையை அடித்தோம். பட்டியல் காலி, எந்தப் பொதியையும் யாரும் பிடித்து வைக்கவில்லை. அந்தச் செய்தி பல நேரம் இப்படித்தான் ஆளைத் திசைதிருப்பிவிடும். அப்புறம் எஸ்க்யூலைட் நூலகத்துக்கு, பதிப்புகளையும் அவை கிடைக்கும் இடத்தையும் காட்டும் ஆப்ட் பாலிசி கட்டளை போட்டோம். 22.04 களஞ்சியத்தில் இருந்தது 3.37.2, முன்னுரிமை எண் 500. கணினியில் இருந்தது அதைவிடப் புதியது; அதன் கீழே 100 என்ற எண்ணும் நிறுவியவற்றைக் குறித்து வைக்கும் டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் கோப்பும் மட்டும். அதாவது, கணினியில் இருக்கிறது, ஆனால் வந்த இடம் இப்போது இல்லை. டெவ் பொதி தன் நூலகத்தின் அதே பதிப்பைத்தான் கேட்கும், இம்மி பிசகக் கூடாது. முன்னுரிமை 1000ஐ எட்டாமல் ஆப்ட் தானாகப் பழைய பதிப்புக்கு இறங்காது. ஆகவே நூலகத்தின் பெயரோடு சமக்குறி போட்டு, களஞ்சியத்தில் உள்ள பதிப்பு எண்ணை முழுதாக எழுதி, டெவ் பொதியையும் அதே வரியில் சேர்த்தோம். என்டர் தட்டும் முன் மைனஸ் எஸ் போட்டு ஒத்திகை பார்த்தோம். நீக்கப்படும் பொதி எதுவும் இல்லை. இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது. எனக்கு இந்த ஆண்டின் நிறைவான கூட்டம் அதுதான்.

ஒத்திகையை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. செப்டம்பரில் ஓர் உறுப்பினர் நீக்கும் பட்டியலைப் படிக்காமல் ஒய் (சம்மதம்) தட்டிவிட்டார். மறுதொடக்கம் செய்தால் கறுப்புத் திரை; டெஸ்க்டாப்பே போய்விட்டது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி முனையத்துக்குள் போய், ஆப்டின் ஹிஸ்டரி லாக் கோப்பைத் திறந்தோம். எந்தத் தேதியில் எதையெல்லாம் நீக்கியது என்று அதில் வரிசையாக இருந்தது. அதை வைத்துத் திரும்ப நிறுவ ஒரு பிற்பகல் முழுக்கப் போனது. பாவம், மதியச் சாப்பாட்டைக்கூட அவர் தொடவில்லை.

பைத்தான் நிரல்மொழி பக்கம் குழப்பம் குறைவு. 24.04இல், பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் கருவி நேரடியாக நிறுவ மறுப்பதைக் கோளாறு என்று நினைத்துச் சிலர் வந்தார்கள். அது கணினியின் சொந்தப் பைத்தானைக் காக்கும் ஏற்பாடு. திட்டத்துக்கொரு வென்வ் (தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தோம்.

ஆப்ட் காட்டும் பிழைச் செய்திகளைத் தமிழில் விளக்கும் ஒற்றைத்தாள் கையேடு பாதி எழுதப்பட்டிருக்கிறது. 2026 ஏப்ரலில் உபுண்டு 26.04 வருவதற்குள் அதை முடிக்க இரண்டு பேர் தேவை. பதிப்பு மாற நினைப்பவர்கள் மார்ச் கூட்டத்துக்கே கணினியைக் கொண்டு வாருங்கள்; என்னென்ன பிபிஏ சேர்த்திருக்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வாருங்கள், கோப்புகளுக்கு நகலும் எடுத்து வையுங்கள்.

நன்றி.
செயலாளர்