கொடைக்கானல் வராததற்குக் காரணம்

பாளையங்கோட்டை,
வைகாசி 4

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. பதில் தாமதமானதற்கு வெயிலைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். பகலில் எழுத உட்கார்ந்தால் முழங்கை பட்ட இடமெல்லாம் தாள் நனைந்துவிடுகிறது. இப்போது விடியற்காலை, மொட்டை மாடியில் பாயை விரித்துப்போட்டு எழுதுகிறேன். மருமகளுக்குக் கேட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்ததில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் அவளிடம் இப்போதே ஒன்றும் சொல்லி வைக்காதே. நாம் பிழைத்து வந்தோம், அவளும் பிழைத்துக்கொள்வாள்.

கொடைக்கானலுக்கு ஏன் சேர்ந்து வரவில்லை என்று கோபித்துக்கொண்டிருக்கிறாய். அம்மாவுக்கு மாசியில் முழங்கால் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். காலை மடக்கியபடி அவளால் ஒரு மணிநேரத்துக்கு மேல் காரில் உட்கார முடியாது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போக மனசு வரவில்லை. இ-பாஸும் எடுத்து, வெள்ளி நீர்வீழ்ச்சிக்குக் கீழே இரண்டு மணிநேரம் வண்டி நகராமல் நின்றதை நீயே எழுதியிருக்கிறாய். அதைச் சின்னவனுக்கு வாசித்துக் காட்டினேன். அதுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் கொஞ்சம் சமாதானமானான்.

சரி, இங்கே என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரம் ஞாபகம் இருக்கிறதா? அதன் உச்சிக் கிளை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு நேராக வளர்ந்துவிட்டது. சித்திரை பிறந்ததும் அதில் ஒரு காகம் கூடு கட்டியது. சுள்ளி, தேங்காய் நார், நம் வீட்டு கேபிள் வயரின் ஒரு துண்டு, எல்லாம் உள்ளே இருக்கிறது. கூடு கட்டின நாளிலிருந்து மாடிக்கு யார் வந்தாலும் பின்பக்கமாகப் பறந்துவந்து தலையில் ஒரு கொத்து. இதே சமயத்தில்தான் வீட்டில் கூழ்வற்றல் போடும் வேலை. என் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியையும் இறக்கிவிட்டு, வேட்டித் துணியில் வற்றல் பிழிந்தாள். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்தக் கூட்டில் இன்னொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. கரிய ஆண் குயில் ஒன்று பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து வேண்டுமென்றே கத்தும். காகங்கள் இரண்டும் அதை விரட்டிக்கொண்டு தெருக்கோடிவரை போகும். அந்த இடைவெளியில் உடம்பெல்லாம் புள்ளி போட்ட பழுப்புப் பறவை ஒன்று கூட்டுக்குள் இறங்கி ஏறியது. அது ஏதோ வேறு பறவை என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்கள். "அதுதாம்ல பொட்டைக் குயிலு. முட்டைய வச்சிட்டுப் போவுது. இனி வளக்குறது காக்கா பாடு" என்று அம்மா கட்டிலில் இருந்தபடியே சொன்னாள். சின்னவனுக்குக் காகத்தின்மேல் ஒரே பரிதாபம். கொத்து வாங்கின என் மனைவிக்கு மட்டும் பரிதாபம் வரவில்லை.

அப்புறம் நுங்கு. திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஒருவர் டிவிஎஸ் வண்டியின் இரண்டு பக்கமும் குலைகளைக் கட்டிக்கொண்டு வருகிறார். அரிவாளால் மேலே ஒரே சீவு. மூன்று கண்ணும் தெரியும். பெருவிரலை விட்டு நோண்டிச் சாப்பிடத் தெரியாமல் என் மகள் ஸ்பூன் கேட்டாள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்தவள்! அம்மா பார்த்த பார்வையில் ஸ்பூன் உள்ளே போய்விட்டது. நுங்கின் தோலைச் சின்னவன் முதுகில் தேய்த்துத் தேய்த்து வேர்க்குரு பாதி அடங்கிவிட்டது. காலிக் காய் இரண்டை எடுத்துக் குச்சி சொருகி, கவைக்குச்சி வைத்து வண்டி செய்து கொடுத்தேன். நம் காலத்து வண்டி அளவுக்கு நேராக ஓடவில்லை. இருந்தாலும் தெருவில் அவனுக்கு நல்ல மரியாதை. காலையில் பதநீரும் கிடைக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். இவர் கொண்டுவருவது கச்சிதம். பனையோலைப் பட்டையில் ஊற்றி, அதில் இரண்டு நுங்கையும் பிய்த்துப் போட்டுக் குடித்தால், அன்றைக்குக் காலைப் பலகாரமே வேண்டாம்.

ஆற்றுக்கும் போனோம். ஊருக்குள் சாக்கடை கலக்கிற இடங்களில் பிள்ளைகளை இறக்க மனசு ஒப்பவில்லை, அதனால் சேரன்மகாதேவி வரைக்கும் மேலே போய்க் குளித்தோம். தாமிரபரணி கத்திரியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. மருத மர நிழல் விழும் இடத்தில் தண்ணீர் முழங்காலளவுதான், ஆனால் சில்லென்று இருந்தது. திரும்புகையில் குறுக்குத்துறை முருகன் கோயிலில் கொஞ்சம் நின்றோம். ஆற்றுக்குள்ளேயே நிற்கிற அந்தக் கோயிலை 2023 டிசம்பர் வெள்ளம் மூடியபோது டிவியில் பார்த்திருப்பாய். இப்போது அதைச் சுற்றி ஆடுகள் மேய்கின்றன.

நான் முக்கியமாக எழுத நினைத்தது கூந்தன்குளத்தைப் பற்றி. கல்லூரியில் படித்த காலமெல்லாம் அதற்கு 40 கிலோமீட்டருக்குள்ளேதான் இருந்தோம். மேட்னி தவறவிட்டதில்லை, அந்தப் பக்கம் ஒரு தடவை சைக்கிளை விட யாருக்கும் தோன்றவில்லை. 1994-இல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் அதற்கு முன்னாலிருந்தே ஊர்க்காரர்கள்தான் பறவைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். தீபாவளிக்குக்கூட அங்கே வெடி போடுவதில்லை.

ஒரு மணிநேரப் பயணம்தானே என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு இருட்டோடு கிளம்பி, மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனோம். நான் எதிர்பார்த்தது ஒரு குளம், தூரத்தில் கொஞ்சம் பறவைகள். போய் இறங்கினால் ஊரே கூடாக இருக்கிறது. வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியமரத்திலும் கிளைக்குக் கிளை மஞ்சள் மூக்கு நாரைகள். கீழே பெண்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறார்கள், மேலே குஞ்சுகள் காதைக் கிழிக்கின்றன. பெரிய நாரைகளுக்குக் குரலே கிடையாது என்று சொல்லலாம், அலகைத் தட்டுகிற சத்தம்தான். கத்துவதெல்லாம் குஞ்சுகள்தான். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் கரண்டிவாயனும். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகள் வெயில் ஏறுவதற்கு முன்பே வடக்கே திரும்பிவிடுமாம், அதனால் பார்க்கக் கிடைக்கவில்லை. மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் வந்து நிறையும் குளம் அது. இப்போது பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. எச்சம் கரைந்த அந்தத் தண்ணீர் பாய்கிற வயலுக்குத் தனியாக உரமே வேண்டாம் என்கிறார்கள்.

அம்மாவால் காவல்கோபுரம் ஏற முடியாது. ஒரு வீட்டுத் திண்ணையில் அந்த வீட்டம்மாவே கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்தார். எதிரே வேப்பமரத்தில் தாழ்வான ஒரு கூடு, மூன்று குஞ்சுகள். வெயில் ஏற ஏற, தாய் நாரை எழுந்து சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று இறக்கைகளைப் பாதி விரித்தது. நிழல் சரியாகக் குஞ்சுகளின் மேல் விழுந்தது. சூரியன் நகர்ந்தால் அதுவும் ஓர் அடி நகர்ந்து நிற்கும். நாங்கள் குளத்தைச் சுற்றிவிட்டு வந்தபோதும் அது அப்படியே நின்றுகொண்டிருந்தது. அம்மா அதை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. "இம்புட்டு நேரம் நின்னா அதுக்குக் கால் கடுக்காதா?" என்று கேட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் தன் காலைத் தவிர வேறு காலைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான்.

மகள் பறவைப் புத்தகத்தில் படித்ததாக ஒன்று சொன்னாள். நாரை தன் காலிலேயே கழிந்து வைக்குமாம். அந்த ஈரம் காயும்போது உடம்புச் சூடு குறையுமாம். பிறகு பார்த்தால் கால்களெல்லாம் வெள்ளை பூசினாற்போலத்தான் இருந்தன. சின்னவன் இதை இதுவரை ஊரில் எத்தனை பேரிடம் சொல்லிவிட்டான் என்று கணக்கே இல்லை. பெட்டிக்கடைக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறான். காற்றில் கூட்டிலிருந்து விழுகிற குஞ்சுகளை எடுத்து வளர்த்துவிடவும் அங்கே இடம் வைத்திருக்கிறார்கள். மீன் போடுவதை வேடிக்கை பார்த்தவனை அங்கிருந்து இழுத்து வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

அங்கிருந்து வந்த பிறகு வீட்டில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. சாயங்காலம் கரண்ட் இருந்தாலும் எல்லாரும் மாடிக்கு வந்துவிடுகிறோம். அம்மா கைத்தடியோடு ஒவ்வொரு படியாக ஏறி வருகிறாள். டாக்டர் சொன்ன நடைப்பயிற்சிக்கு அழுதவள், காக்காக் கூட்டில் என்ன பொரிந்தது என்று பார்க்க ஏறுகிறாள். அவள் ஏறுகிறாள் என்பதே எனக்குப் போதும், எதற்காக என்று நான் கேட்பதில்லை.

இதெல்லாம் நீ கொடைக்கானலிலிருந்து அனுப்பிய படங்களுக்குப் போட்டி என்று நினைக்காதே. அந்தக் குளிர் இங்கே எங்கே கிடைக்கும்? மதியம் 12-லிருந்து 4 வரை பாளையங்கோட்டை அடுப்புதான், அந்த நேரத்தில் யாரும் யாரிடமும் அன்பாகப் பேசுவதில்லை. ஆனால் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நீங்கள் நாலு பேரும் இங்கே வரவேண்டும். பெங்களூரில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறினால் திருநெல்வேலியில் இறங்கிக்கொள்ளலாம், ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். கத்திரி வைகாசி 14-இல் முடிகிறது, அதற்குப் பிறகு வந்தால் கொஞ்சம் தேவலை. ஆடிக்குள் குஞ்சுகள் இறக்கை முளைத்துப் பறந்துவிடும், ரொம்பத் தள்ளிப்போடாதே. உன்னிடம் இருக்கும் பைனாகுலரை மறக்காமல் எடுத்து வா. எங்களிடம் இருப்பதில் ஒரு கண்ணுக்குத்தான் தெரிகிறது, அதற்காகப் பிள்ளைகள் இரண்டும் தினமும் சண்டை.

டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, அல்லது போன் பண்ணு. சொதி வைக்க முதல் நாளே சொல்ல வேண்டும் என்று வீட்டில் உத்தரவு.

அன்புடன்,
உன் மாப்ளே

பி.கு.: தங்கச்சிக்குக் கழுத்து வலி என்று எழுதியிருந்தாயே, அம்மா நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒற்றடம் கொடுக்கச் சொல்கிறாள். பெங்களூரில் நொச்சி கிடைக்காவிட்டால் இங்கே வேலியோரம் நிறைய நிற்கிறது, வரும்போது பறித்துக்கொள்ளலாம்.