லட்சுமிக்காக ஓடி வந்தவர்களுக்கு

மட்டக்குளி அயலவர்களுக்கும் எங்களிடம் பால் வாங்கும் வீட்டாருக்கும் வணக்கம்.

எங்கள் ஜெர்சிக் கலப்புப் பசு லட்சுமி எழும்பி நின்று புல் தின்கிறாள். விசாரித்த எல்லோருக்கும் முதலில் அந்தச் சேதி.

பக்கத்து வீட்டு நானாவுக்குத்தான் பெரிய கடன்பட்டிருக்கிறேன். "மாட்டு மூத்திரம் சாயத் தேத்தண்ணி மாதிரி போகுது, வந்து பாருங்க" என்று விடியற்காலையில் கதவைத் தட்டியவர் அவர். காய்ச்சலும் இருந்தது. உண்ணி கடிக்கும்போது இரத்தத்தில் இறங்கும் பபீசியா என்ற ஒட்டுண்ணி, சிவப்பணுக்களுக்குள் பெருகி அவற்றை உடைத்துவிடுமாம். அந்தச் சிவப்புத்தான் மூத்திரத்தில் வருகிறது. அதே கொட்டிலில், அதே உண்ணியோடு நிற்கும் எங்கள் நாட்டு மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கலப்பு மாடு பால் கூடுதலாகத் தரும், தாங்கும் சக்திதான் குறைவு.

டொக்டர் மிஸ் காது நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் இழுத்தார். கீழ் இமையைப் புரட்டிக் காட்டினார், வெளிறிப்போயிருந்தது. ஊசி மட்டும் போதாது, இரத்தமும் ஏற்ற வேண்டும் என்றார். சரி, மாட்டுக்கு இரத்தம் யார் கொடுப்பது? அடுத்த ஒழுங்கை அண்ணன் ஒரு வார்த்தையும் பேசாமல் தன் காளையை அவிழ்த்துக்கொண்டு வந்தார். அதன் இரத்தத்தைச் சோதித்த பிறகுதான் எடுத்தார்கள். அந்தக் காளைக்கும் நன்றி, புண்ணாக்கு அனுப்பியிருக்கிறேன்.

மருந்து ஏறிய பாலை விற்கக் கூடாது என்று டொக்டர் சொன்ன நாட்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அபிஷேகத்துக்குப் பால் வாங்கும் ஐயரும் "மாடு தேறட்டும் முதலில்" என்றார்.

அப்புறம் நம் பிள்ளைகள். காதுக்குள், மடியடியில், வால் அடியில் என்று தேடி உண்ணி பிடுங்கி மண்ணெண்ணெய் டின்னில் போட்டார்கள். இரத்தம் குடித்து உப்பிய ஒரு பெண் உண்ணி நிலத்தில் விழுந்தால் 2000, 3000 முட்டை இடும், குஞ்சுகள் புல்லில் மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால் ஒரு வீட்டு மாட்டுக்கு மட்டும் மருந்தடித்துப் பலனில்லை. களனி ஆற்றங்கரையில் மேயும் எல்லா மாடுகளுக்கும் ஒரே நாளில் தெளிக்க நீங்கள் ஒத்துக்கொண்டது, எனக்கு ஊசி மருந்தைவிடப் பெரிய உதவி.

டொக்டர் கணக்குப்படி மூன்று வாரத்தில் மறுபடி தெளிக்க வேண்டும். வருகிற ஞாயிறு காலை தெளிப்பான் என் வீட்டு வாசலில் இருக்கும். மருந்தை டொக்டர் சொன்ன அளவில் நானே கலந்து வைக்கிறேன். கையுறை மட்டும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
லட்சுமி வீட்டார்