யூதப் பள்ளி என்றே சொல்லலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கொச்சி மட்டாஞ்சேரியைப் பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். 1568இல் எழுப்பப்பட்ட, யூதர்களின் பரதேசி ஜெப ஆலயத்தின் நீலநிறச் சீனத் தரையோடுகளையும், கண்ணாடிச் சரவிளக்குகளையும், 1760ஆம் ஆண்டின் மணிக்கூண்டையும் கட்டுரையாளர் நன்றாகவே கண்முன் நிறுத்தியிருந்தார். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் மக்கள் என்ன செய்தார்கள் என்பதை ‘யூதர்கள் வழிபடும் கோயில்’ என்ற ஒரே தொடரோடு முடித்துக்கொண்ட அவர், யூத வேதமான தோராவின் சுருள்களை வைக்கும் பேழையைக் ‘கருவறை’ என்றும் எழுதிவிட்டார். இந்தச் சொற்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் யூத சமயத்தைச் சேர்ந்தவள் அல்லேன். அதை முறையாகக் கற்றவளும் அல்லேன். அரசுப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற நான், மகள் வாஷிங்டனை அடுத்த மேரிலாந்தில் குடியிருப்பதால் ஆண்டில் சில மாதங்களை அங்கே கழிக்கிறேன். பேத்தியின் மழலையர் பள்ளி ஒரு ஜெப ஆலயத்தின் வளாகத்துக்குள் நடந்தது. அவளைக் கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதும் என் வேலையாக இருந்ததால், அந்த வாசலில் நின்று நான் கற்றுக்கொண்டவை சில உண்டு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ் வேதாகமத்தின் வழியாக நமக்கு வந்த சொல் ‘ஜெப ஆலயம்’. எபிரேய மொழியிலோ அந்த இடத்துக்கு மூன்று பெயர்கள் உண்டு: கூடும் வீடு, தொழும் வீடு, படிக்கும் வீடு. மூன்றில் பெருவழக்காக இருப்பது கூடும் வீடு என்னும் பெயரே. ‘சினகாக்’ என்ற கிரேக்கச் சொல்லின் பொருளும் கூடுகை என்பதுதான். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் இதை ‘ஷூல்’ என்கிறார்கள். அது பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல். தமிழாசிரியை என்பதால் எனக்கு இவ்விடத்தில் ஒரு மகிழ்ச்சி. சமணப் பள்ளி, பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று தொழுமிடத்துக்கும் படிக்குமிடத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டவர்கள் நாம். மலையாளத்தில் ஜெப ஆலயத்துக்கு இன்றும் வழங்கும் பெயர் ‘ஜூதப்பள்ளி’. அந்த ஊருக்கே போய்வந்த கட்டுரையாளர் அந்தச் சொல்லைக் காதில் வாங்கியிருந்தால், கோயிலும் கருவறையும் அவர் எழுத்தில் வந்திருக்கமாட்டா.

இந்தப் படிப்பு வழக்கம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டதன்று. 1913இல் எருசலேமில் நடந்த அகழ்வில் கிரேக்க மொழிக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. கி.பி. 70இல் ரோமானியர் யூதர்களின் பெருங்கோயிலான எருசலேம் தேவாலயத்தை அழிப்பதற்கு முற்பட்டதாக அறிஞர்கள் பெரும்பாலோர் கருதும் அக்கல்வெட்டில், தெயோதோத்தோஸ் என்பவர், பாட்டன் காலத்திலிருந்து ஜெப ஆலயத் தலைமைப் பொறுப்பு வகிக்கும் குடும்பத்தவர், தாம் அந்த ஜெப ஆலயத்தைக் கட்டியது எதற்காக என்று சொல்கிறார். நியாயப்பிரமாணமாகிய தோராவை வாசிப்பதற்காகவும், கட்டளைகளைக் கற்பிப்பதற்காகவும், வெளியூரிலிருந்து வந்து தங்க இடம் தேவைப்படுவோர்க்கு விடுதியும் அறைகளும் நீர் வசதியும் அளிப்பதற்காகவும் என்பது அவர் தரும் காரணம். ஜெபம் என்ற சொல் அதில் இல்லவே இல்லை. வழிபாட்டுக்கும் பலிக்கும் தேவாலயம் தனியாக இருந்தது. இது பாடசாலையும் சத்திரமும் சேர்ந்த இடம். தேவாலயம் அழிந்த பின்னர்தான் தொழுகையின் முழுப் பாரமும் ஜெப ஆலயத்தின் மேல் விழுந்தது. நாள்தோறும் மூன்று வேளைத் தொழுகை நடக்கும் இடம் அது என்பதை நான் மறுக்கவில்லை. படிப்பும் விருந்தோம்பலும் அதற்கு முன்பே அங்கே குடியிருந்தன என்பதே நான் சொல்ல வருவது.

பேத்தியின் மழலையர் பள்ளிக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஜெப ஆலயங்கள் இத்தகைய பள்ளிகளை நடத்துவது பரவலான வழக்கம். பல இடங்களில் எல்லாச் சமயத்துக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கட்டணம் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம், மகளும் மருமகனும் மாதாமாதம் பெருமூச்சு விட்டுத்தான் கட்டினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பின்னல்போல முறுக்கிச் சுட்ட ‘ஹல்லா’ ரொட்டியின் ஒரு துண்டோடும், ஷபாத் என்னும் ஓய்வுநாளை வரவேற்கும் பாட்டோடும் அவள் வீடு திரும்புவாள். ஹனுக்கா பண்டிகையின்போது நான்கு முகம் கொண்ட சிறு பம்பரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். முகத்துக்கு ஒன்றாக நான்கு எபிரேய எழுத்துகள். ‘ஒரு பெரும் அதிசயம் அங்கே நிகழ்ந்தது’ என்ற தொடரிலுள்ள நான்கு சொற்களின் முதலெழுத்துகள் அவை. இஸ்ரேலில் விற்கும் பம்பரத்தில் ‘அங்கே’ என்பதற்குப் பதிலாக ‘இங்கே’ என்று வரும்படி ஓர் எழுத்து மாறும். விளையாட்டுச் சாமானிலேயே அரிச்சுவடியையும் வரலாற்றையும் ஏற்றி வைத்திருக்கிறார்களே என்று நான் வியந்துகொண்டிருந்ததைப் பார்த்த அப்பள்ளியின் ஆசிரியை ஒருவர், சனிக்கிழமைக் காலை நடக்கும் பாட வகுப்புக்கு வாருங்கள் என்று அழைத்தார்.

அந்த வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். மோசேயின் ஐந்து நூல்களான தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரந்தோறும் வாசித்து, ஓராண்டில் முடித்து, முடித்த நாளிலேயே மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது யூதர்களின் வழக்கம். சனிக்கிழமையன்றி, திங்களும் வியாழனும் கூடச் சிறு பகுதி வாசிக்கப்படுகிறது. பழங்காலத்தில் அவை சந்தை நாள்கள், கிராமத்தார் ஊருக்குள் வரும் நாள்கள். தொழுகைக்கு முன்பாக அந்த வாரப் பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு இருபது பேர் அளவில் ஓர் அறையில் கூடியிருந்தார்கள். ரபி என்னும் சமய ஆசிரியர் நடத்தும் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வரலாம் என்று எண்ணிப்போன எனக்கு, அங்கே கேட்ட சத்தமே முதல் பாடமாக அமைந்தது. இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் ஒரு வரியை உரக்கப் படிக்க, மற்றவர் ‘இது ஏன் இப்படி?’ என்று மறிக்க, இருவரும் பழைய உரையாசிரியர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வாதிடும் இந்த முறைக்குத் தோழமை என்று பொருள்படும் ‘ஹவ்ரூதா’ என்னும் அரமேயச் சொல் வழங்குகிறது. ஒரு முதியவர் ரபியின் விளக்கத்தையே ஏற்க முடியாது என்று சொன்னார். ரபி முகம் சுளிக்கவில்லை, அதை மறுத்துச் சொல்லும் ஆளை அறையில் தேடினார். பரிமேலழகரையும் மணக்குடவரையும் மோதவிட்டுத் திருக்குறள் வகுப்பு நடத்திய எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

வழக்கம்போலக் குறிப்பேட்டையும் பேனாவையும் எடுத்தேன். பக்கத்தில் இருந்த அம்மையார், ஷபாத் நாளில் இங்கே எழுதுவதில்லை என்று மெல்லச் சொன்னார். எழுதுவது அந்நாளில் விலக்கப்பட்ட வேலைகளுள் ஒன்று. பிறர் எழுதுவதையே வாழ்நாளெல்லாம் மேற்பார்த்த நான், அன்று இரண்டு மணிநேரம் காதை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தேன்.

அதே அம்மையார் எழுபது வயதை நெருங்குபவர். சிறுமியாக இருந்தபோது தமக்குக் கிட்டாத ஒன்றை இப்போது படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பையன்கள் 13 வயதில் சபைக்கு முன் தோரா வாசித்துப் பொறுப்புள்ளவர்களாக ஏற்கப்படும் சடங்கு பழமையானது. அமெரிக்காவில் ஒரு பெண் அவ்வாறு சபைமுன் நின்று வாசித்தது 1922ஆம் ஆண்டில்தான். நியூயார்க்கில் ரபி மோர்தெகாய் கப்லானின் மகள் ஜூடித் அச்சிறுமி. மரபுவழிச் சபைகளில் இன்றும் பெண்கள் பொதுவாகச் சுருளை வாசிப்பதில்லை. மற்றச் சபைகள் பலவற்றில், வாய்ப்பைத் தவறவிட்ட நடுவயதினருக்கும் முதியோருக்கும் ஓராண்டு, ஈராண்டு என நீளும் வகுப்புகள் நடக்கின்றன. படிப்பது எளிதன்று. கையால் எழுதப்பட்ட தோல்சுருளில் உயிரொலிக் குறிகள் கிடையா, இசைக் குறிகளும் கிடையா. மெய்யெழுத்துகளை மட்டும் பார்த்துப் பிழையில்லாமல் பண்ணோடு ஓத வேண்டும். மெய்க்குப் புள்ளியின்றி, எகர ஏகார வேறுபாடின்றி எழுதப்பட்ட நம் ஓலைச்சுவடிகளை வாசிக்க முயன்றவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும். விரல் படாதிருக்க, நுனியில் கைவடிவம் கொண்ட சிறு கோலால் வரியைத் தொடர்கிறார்கள்.

எல்லாம் இப்படியே சிறப்பாக நடக்கிறது என்று எழுதினால் அது பொய்யாகும். பள்ளி முடிந்த மாலையிலும் ஞாயிறு காலையிலும் சிறுவர்களுக்கு நடக்கும் எபிரேய வகுப்பைப் பற்றி அங்குள்ள பெற்றோரே அலுத்துக்கொள்கிறார்கள். பதின்மூன்றாம் வயதுச் சடங்கு முடிந்ததும் நின்றுவிடும் பிள்ளைகள் பலர். உறுப்பினர் சந்தா, இளங்குடும்பங்களுக்குச் சுமையாகும் அளவுக்குப் பெரிது. இந்த ஞாயிறு வகுப்புக்கு 1838இல் பிலடெல்பியாவில் வித்திட்ட ரெபெக்கா கிராட்ஸ், பெண்களையே ஆசிரியர்களாகக் கொண்டு, கட்டணமில்லாமல் அதை நடத்தினார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

சந்தா முறையை விட்டு விலகிய இடமும் உண்டு. வாஷிங்டன் நகரின் சீனர் பகுதியில் 1908இல் கட்டப்பட்ட குவிமாடக் கூரை ஜெப ஆலயம் ஒன்று, 1951இல் அச்சபையார் வேறிடம் போனபோது கறுப்பின மக்களின் மெதடிஸ்ட் தேவாலயமாக மாறி, அரை நூற்றாண்டுக்குப் பின் மறுபடியும் விலைக்கு வந்தது. இரவுக் கேளிக்கை விடுதியாக மாற இருந்த அதை உள்ளூர் யூதத் தொழிலதிபர்கள் மூவர் வாங்கிப் புதுப்பித்து 2004இல் திறந்தார்கள். ‘சிக்ஸ்த் அண்ட் ஐ’ என்று தெருமுனையின் பெயராலேயே அறியப்படும் அங்கே உறுப்பினர் முறை கிடையாது. யூத சமயத்தின் அடிப்படைகளைக் கற்பிக்கும் வகுப்பு, எழுத்தாளர் உரை, இசைநிகழ்ச்சி என எதற்கு விருப்பமோ அதற்குப் பதிவு செய்துகொண்டு எவரும் போகலாம். மகளோடு ஒரு மாலை நானும் போயிருந்தேன். கூட்டத்தில் பாதிக்கு மேல் முப்பது வயதைத் தாண்டாதவர்களாகவே தெரிந்தார்கள்.

ஜெப ஆலய வாசலில் காவல் எதற்கு என்று கேட்கலாம். 2018 அக்டோபர் 27ஆம் நாள், பிட்ஸ்பர்க் நகரின் ஜெப ஆலயத்தில், சனிக்கிழமைக் காலையில், துப்பாக்கியால் சுடப்பட்டு 11 பேர் இறந்தார்கள். நான் சென்ற வகுப்பறையின் வாசலிலும் காவலர் ஒருவர் என் பையைத் திறந்து பார்த்தார். சோதித்து முடித்தபின் உள்ளே போகும் வழியையும் அவரேதான் காட்டினார்.

பேத்தியின் பள்ளி இருந்த வளாகத்தில், யோம் கிப்பூர் என்னும் முழுநாள் நோன்பை ஒட்டி, வெற்றுக் காகிதப் பைகளைக் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்தனுப்பினார்கள். தாம் உண்ணாதிருக்கும் நாளில் பசித்தவர்க்கு மளிகைப் பொருள் நிரப்பித் தருவதற்கு. எங்கள் வீட்டுப் பையில் பருப்பும் அரிசியும் போயின.

இனி மட்டாஞ்சேரிக்கே திரும்புகிறேன். கேரளத்து ஜெப ஆலயங்களுக்கே உரிய அமைப்பு ஒன்றைக் கட்டுரை விட்டுவிட்டது. நடுக்கூடத்து வாசிப்பு மேடையோடு, மாடத்திலும் இரண்டாவது மேடை ஒன்று உண்டு. பெண்கள் அமரும் பகுதியை ஒட்டி அமைந்த அதிலிருந்து ஷபாத்திலும் பண்டிகை நாள்களிலும் தோரா வாசிக்கப்பட்டு வந்தது. கொச்சி யூதப் பெண்கள் எபிரேயம் படித்தவர்கள்; தம் மலையாளப் பாட்டுகளைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்துத் தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்து வந்தவர்கள். அதே பரதேசி ஜெப ஆலயத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழியினர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு இருக்கையில் அமரவும் சுருளை வாசிக்கவும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. அவர்களுள் ஒருவரும், சென்னையில் சட்டம் பயின்றவருமான ஏ.பி. சேலம், அந்த உரிமைகளுக்காகச் சத்தியாக்கிரக வழியில் போராடினார். வாசிப்பதற்கே ஒருவர் போராட வேண்டியிருந்த மேடையை, அழகிய பித்தளைக் கம்பிவேலி என்று மட்டும் காட்டிவிட்டு நகர்வது போதாது. 1950களிலிருந்து பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், தோராவைப் பொதுவில் வாசிக்கத் தேவையான பத்து ஆடவர் கூடுவதே அங்கே அரிதாகிவிட்டது. பரவூர், சேந்தமங்கலம் ஜெப ஆலயங்கள் அருங்காட்சியகங்களாகிவிட்டன.

விடுமுறையில் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாகக் கொச்சிக்குப் போகிறார்கள். அவர்களோடு செல்லும் ஆசிரியர்களுள் தங்கள் ஞாயிறு இணைப்பை வெட்டி எடுத்துச் செல்பவர்கள் உண்டு. நானே அப்படிச் செய்தவள். ஆகவே, அடுத்த இணைப்பிலாவது ‘கருவறை’ என்பதை ‘ஏட்டுப் பேழை’ என்று திருத்தி வெளியிடுமாறும், மாடத்து மேடையைப் பற்றி இரண்டு வரி சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
மதுரை.