விடுமுறையில் ஒரு நாளைக்கு ஓர் இடம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியை கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும், பகல் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

ஆண்டுத் தேர்வு முடியப்போகிறது. பள்ளி வாசலில் உங்களில் பலர் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள்: "வீட்ல இருந்தா போனையே நோண்டிக்கிட்டு இருக்கான் டீச்சர், எங்கதான் கூட்டிட்டுப் போறது?" மே மாதம் வந்தால் ஊரிலிருந்து அத்தை பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் வேறு வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு மெட்ராஸைச் சுற்றிக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு வேண்டுகோள். காலையில் வண்டலூர், மதியம் மால், சாயங்காலம் பீச், வரும் வழியில் கோயில் என்று ஒரே நாளில் அடைக்காதீர்கள். கடைசியில் பிள்ளை தோளில் தூங்கும், உங்களுக்குக் கால் வலிக்கும், இரண்டு பேருக்கும் கோபம்தான் மிஞ்சும். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். அந்த இடத்தையும் முழுசாகப் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. எந்த இடம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். நான்காம் வகுப்புக்கு மேல் என்றால் டிக்கெட் காசையும் அவர்கள் கையில் கொடுத்து, கவுன்டரில் கேட்டு வாங்கி, மீதியை எண்ணி வரச் சொல்லுங்கள். ஊர்ப் பிள்ளைகள் வந்திருந்தால் நம் பிள்ளைதான் அவர்களுக்கு வழிகாட்டி. அந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், வகுப்பில் வாயே திறக்காதது கூடப் பேச ஆரம்பிக்கும்.

எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மெரினா. போங்கள், ஆனால் வெயில் தாழ்ந்த பிறகு. அங்கே போனால் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது? நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகின்றன. 1870-களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்து, கடலுக்குள் கல்லால் நீண்ட சுவர் எழுப்பினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணலை அந்தச் சுவர் மறித்தது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்குப் பக்கத்துக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. ராயபுரம், காசிமேடு பக்கம் உறவுக்காரர்கள் உள்ளவர்களுக்கு மிச்சக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. கடல் வீட்டுப் பக்கம் நெருங்கி வந்ததும், கரை நெடுகப் பெரிய பெரிய கற்களைக் கொட்டியதும் நீங்களே பார்த்ததுதான். ஒரு நாள் மெரினாவையும், இன்னொரு நாள் வடக்கே அந்தக் கல் கொட்டிய கரையையும் காட்டினால், பாடப்புத்தகத்தில் நாங்கள் ஒரு வாரம் நடத்துவது அரை மணியில் புரிந்துவிடும்.

மெரினாவுக்கு எதிரிலேயே விவேகானந்தர் இல்லம் இருக்கிறது. பெரியவர்கள் இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்வார்கள். 1842-இல் கட்டியது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகள் பனிக்காலத்தில் உறைந்ததும், பனியைக் கட்டி கட்டியாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கடலில் கொண்டுவந்து இங்கே சேமித்து விற்றார்கள். வழியில் கரைந்தது போக மிச்சம்தான் வியாபாரம். அப்போது கடல் அந்தக் கட்டடத்துக்கு இப்போதைவிட மிக அருகில் இருந்தது. மேலே சொன்ன மணல் கதையோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் பிள்ளைகளுக்கே பிடிபடும். ஐஸ் செய்யும் இயந்திரம் வந்த பிறகு அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். கையில் குச்சி ஐஸோடு நிற்கும் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

காமராஜர் சாலையில் வரிசையாக நிற்கும் சிலைகளில் பல, 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவியவை. ஔவையார், வள்ளுவர், கண்ணகி, வீரமாமுனிவர், ஜி.யு.போப், கால்டுவெல் என்று தமிழ்ப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த பெயர்கள்தான். பெயர்ப்பலகையைப் படிக்காமல் யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வைக்கலாம். உழைப்பாளர் சிலைக்கு முன்னால் நான்கு பேர் பாறையை நெம்புவதுபோல நின்று போட்டோ எடுக்காத பிள்ளை உண்டா? அதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1959-இல் வைத்தார்கள்.

கடலில் கால் நனைப்பதோடு சரி. நம் கரையில் திரும்பும் அலை காலடி மண்ணை அரித்து உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களையே இழுத்திருக்கிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளை வளைவுபோல் ஒரு சின்னம் இருக்கிறதே, அது 1930-இல் கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டவரின் நினைவாக எழுப்பியது. பிள்ளைக்கு அதைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள், "போகாதே" என்று நூறு முறை கத்துவதைவிட வேலை செய்யும். பெரம்பூரிலிருந்து 29சி நேரே பெசன்ட் நகர் போகிறது. மெட்ரோ வேலையால் பாதை அடிக்கடி மாறுவதால் நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் பிள்ளையோ பெரியவரோ இருந்தால், மெரினாவில் தண்ணீர்ப் பக்கம் வரை போக மாநகராட்சி 2022-இல் மரப் பாதை போட்டிருக்கிறது. கூட்டமில்லாத வார நாளில் போங்கள்.

அடுத்து, உச்சி வெயிலுக்குத் தோதான இடம் எழும்பூர் அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது, இந்தியாவில் கொல்கத்தாவுக்கு அடுத்துப் பழையது. இங்கே ஒரு சுவையான விஷயம். இந்த அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் இதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டினார். பார்க்கக் கூட்டம் அள்ளியது. பிறகு அந்த விலங்குகள் சென்ட்ரல் பக்கத்துப் பூங்காவுக்கு மாறி, அங்கிருந்து 1985-இல் வண்டலூருக்குப் போயின. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் "செத்த காலேஜ் எது, உயிர் காலேஜ் எது?" என்று பேரப்பிள்ளையைவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அருங்காட்சியகத்துக்கும் விலங்குக்காட்சிச் சாலைக்கும் அவர்கள் காலத்துப் பெயர்கள் அவை. அன்றைக்குச் சாயங்காலம் டி.வி. தேவைப்படாது.

அருங்காட்சியகத்தில் எல்லாக் கூடத்தையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குத் திமிங்கில எலும்புக்கூடு ஒன்றே போதும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளை வெண்கலச் சிலைக் கூடத்துக்கு அழைத்துப் போய், ஏதாவது ஒரு சிலையின் முன் உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள். திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். வரைய உட்கார்ந்தால்தான் எத்தனை விரல், எந்தக் கால் தூக்கியிருக்கிறது என்று கண் பார்க்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். எழும்பூர் மெட்ரோவிலும் ரயில் நிலையத்திலும் இறங்கி வரலாம். மெட்ரோவில் முதல் தடவை ஏறும் பிள்ளைகளுக்கு அந்தப் பயணமே பாதிச் சுற்றுலா. நகரும் படிக்கட்டில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். துப்பட்டா, தளர்ந்த செருப்பு, இரண்டையும் கவனியுங்கள்.

வண்டலூருக்குக் காலையில் திறக்கும்போதே போய்விட வேண்டும். பத்தரை, பதினொன்றுக்கு மேல் விலங்குகள் நிழல் தேடி ஒதுங்கிவிடும், நாம்தான் வெயிலில் நடந்துகொண்டிருப்போம். பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகம், அங்கிருந்து பார்க் நிலையத்துக்கு நடந்து, செங்கல்பட்டு வண்டியில் வண்டலூர். அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்களுக்குக் கிண்டி இருக்கிறது. சிறுவர் பூங்காவும், 1972-இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய பாம்புப் பண்ணையும் பக்கத்துப் பக்கத்திலேயே உள்ளன. பாம்புப் பண்ணையில் எது விஷமுள்ளது, கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருப்பதைப் பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிற பிள்ளைக்கு அது நிஜமாகவே உதவும்.

நம் பக்கத்திலேயே உள்ளதை மறந்துவிடுகிறோம். ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ரயில் அருங்காட்சியகத்தைத்தான் சொல்கிறேன். உங்களில் சிலர் அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை பார்க்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்? 1955-இல் தொடங்கிய தொழிற்சாலை அது. முதல் வந்தே பாரத் ரயில் 2018-இல் அங்கிருந்துதான் வெளியே வந்தது. பழைய நீராவி என்ஜின், பழைய பெட்டிகள், சுற்றிவர ஒரு குட்டி ரயில். அப்பாவோ மாமாவோ கூடவே நடந்து, "நான் செய்றது இந்தப் பாகம்தான்" என்று காட்டினால் போதும், வேறு வழிகாட்டி வேண்டாம்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. 2010-இல் திறந்த ஒன்பது அடுக்குக் கட்டடம். குழந்தைகள் பிரிவில் ஒரு செயற்கை மரம் நிற்கிறது. அதன் அடியில் உட்கார்ந்து படிக்கலாம். ஏ.சி. உண்டு என்பதை மே மாதத்தில் சொல்லாமல் இருக்க முடியுமா? அதே பகுதியில் பிர்லா கோளரங்கமும் இருக்கிறது. தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஆங்கிலக் காட்சியில் உட்காரவைத்தால் சின்னதுகள் இருட்டில் தூங்கிவிடும்.

கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தால் தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்டும் முட்டுக்காடு தட்சிணசித்ராவும், அதைத் தாண்டி வடநெம்மேலி முதலைப் பண்ணையும். மால்களைப் பற்றி நான் எழுதவில்லை. வழி உங்களுக்குத் தெரியும்.

கிழமை பார்த்துக் கிளம்புங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. வண்டலூர், கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, தட்சிணசித்ரா எல்லாம் செவ்வாயன்று மூடியிருக்கும். முதலைப் பண்ணைக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்கும் திங்கள். கடையில் செவ்வாய்க்கிழமை லீவு கிடைக்கும் அப்பாக்களுக்கு எழும்பூரும் பீச்சும் ரயில் அருங்காட்சியகமும் முதலைப் பண்ணையும் வாய்த்திருக்கின்றன.

செலவைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் இல்லை. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டி எடுத்துக்கொண்டால், அம்மாவும் குட்டியும் ஐம்பது ரூபாய்க்குள் பீச் பார்த்துச் சுண்டலும் தின்றுவிட்டு வரலாம். ஈ மொய்க்கும் வெட்டிய பழம் மட்டும் வேண்டாம். தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று. கழிப்பறை விஷயத்தில் கூச்சப்படாமல் சொல்கிறேன்: பீச்சுக்குப் போகும் முன் நல்ல கழிப்பறை உள்ள இடத்தில் போய்விட்டுக் கிளம்புங்கள். பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பதைப் பள்ளிச் சுற்றுலாக்களில் எங்கள் ஆசிரியைகள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

காணும் பொங்கலன்று மெரினாவில் போலீஸ்காரர்கள் குழந்தைகள் கையில் போன் நம்பர் எழுதிக் கட்டிவிடுவார்கள். அதையே நீங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது செய்துவிடுங்கள். பேனாவால் முன்கையில் எழுதினாலும் போதும். தொலைந்துபோனால் ஓடாமல் அதே இடத்தில் நிற்க வேண்டும், சீருடையில் இருப்பவரிடம் போக வேண்டும் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 112 அவசர எண். அண்ணன் அக்காவோடு மட்டும் தனியாகக் கடற்கரைக்கு அனுப்ப வேண்டாம்.

போய்வந்ததைப் பற்றிக் கட்டுரை, ஆல்பம், சார்ட் எதுவும் பள்ளிக்கு வேண்டாம். இரவு பதினோரு மணிக்கு யார் உட்கார்ந்து படம் வெட்டி ஒட்டுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்! பள்ளி திறந்த முதல் வாரத்தில் விரும்புகிற பிள்ளைகள் வகுப்பில் வாயால் சொல்லட்டும். எங்கேயும் போக முடியாத வீடுகளும் நம் பள்ளியில் உண்டு. அந்தப் பிள்ளைகள் தெருவில் பார்த்ததையும் நாங்கள் அதே ஆர்வத்தோடு கேட்போம்.

பல இடங்களில் மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை கிடைக்கும். பள்ளி அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். அட்டையைத் தொலைத்தவர்கள் கடைசி வேலை நாளுக்குள் அலுவலகத்தில் சொன்னால் சான்றுக் கடிதம் தருகிறோம். பள்ளி திறக்கும் தேதியைக் கல்வித் துறை அறிவித்ததும் வாசல் பலகையில் எழுதுவோம், வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் வரும். கடிதத்தைப் படித்ததற்கு அடையாளமாகக் கீழே கையெழுத்திட்டு, அந்தத் துண்டை மட்டும் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை