கைப்பேசி எண்ணைக் கைவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருப்பான லயங்கள் காலியானபின் ஒன்றாக ரப்பர்ப் பால் வெட்டியவர்களும் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களும் திசைக்கொருவராகப் பிரிந்துவிட்டார்கள். எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்து எல்பில், டோவன்பி, ஹீவூட் தோட்டத்துக்காரர்களை இன்று ஷா ஆலாமிலும் ஜொகூர் பாருவிலும் காணலாம். சிங்கப்பூர், லண்டன், மெல்பர்ன் போனவர்களும் உண்டு. புலனம் என்கிற வாட்ஸ்அப் வந்துவிட்டது, இனித் தூரம் ஒரு பொருட்டில்லை என்கிறோம். கைப்பேசி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரியவர்களின் பழைய தொடர்புகள் பெரும்பாலும் ஒரு சிம் அட்டை காலாவதியாவதில்தான் அறுந்துபோகின்றன.

பிரிபெய்ட் எண்ணின் ஆயுள் ரீலோட் செய்வதை, அதாவது பணம் போட்டுப் புதுப்பிப்பதைப் பொறுத்தது. வீட்டுக்கு வைஃபை வந்ததும் பலர் ரீலோட் செய்வதை நிறுத்திவிடுகிறார்கள், புலனம்தான் ஓடுகிறதே என்று. ஓடத்தான் செய்யும். புலனம் உங்கள் எண்ணைப் பதிவு செய்யும்போது ஒருமுறை குறுஞ்செய்தியிலோ அழைப்பிலோ சோதிக்கும். அதன்பின் சிம் உயிரோடு இருக்கிறதா என்று தினமும் கேட்பதில்லை. கெடு முடிந்து, சலுகைக் காலமும் முடிந்தபின் நிறுவனம் அந்த எண்ணை வேறொருவருக்கு விற்றுவிடும். புதிதாக வாங்கியவர் அதில் புலனத்தைத் திறந்த நிமிடமே உங்கள் கைப்பேசியில் அது மூடிக்கொள்ளும். மெல்பர்ன் தோழி அனுப்பும் தீபாவளி வாழ்த்து முன்பின் தெரியாதவருக்குப் போகும். எண் உயிரோடிருந்தும் 120 நாள் புலனத்தைத் திறக்காமல் கிடந்தால் கணக்கே நீக்கப்படும். ஆகவே ரீலோட் கெடுத் தேதியைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். பேச்சுக்கும் டேட்டாவுக்கும் பணம் போடத் தேவையில்லை, கெடுவை மட்டும் நீட்டிக்கும் திட்டம் இருக்கிறதா என்று உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே சிம் வாங்கியதும் பழையதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. வெளிநாட்டுச் சிம்மின் டேட்டாவில் மலேசிய எண்ணின் புலனம் தடையில்லாமல் வேலை செய்யும். எண்ணை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய எண்ணில் புலனம் திறந்திருக்கும்போதே மாற்றுங்கள்: அமைப்புகள், கணக்கு, எண்ணை மாற்று. முதலில் பழைய எண், அடுத்துப் புதிய எண். தொடர்பில் உள்ளவர்களுக்குத் தெரிவிக்கவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். குழுக்கள் அப்படியே கூட வரும். புலனத்தை அழித்துவிட்டுப் புதிய எண்ணில் முதலிலிருந்து தொடங்கினால் இது எதுவும் நடக்காது. நண்பர் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்.

எண்ணைச் சேமிக்கும் முறையிலும் தவறு நடக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர் உங்கள் எண்ணை 012 என்று தொடங்கிச் சேமித்தால் புலனத்தில் நீங்கள் தெரியமாட்டீர்கள். +60 போட்டு, முன்னால் உள்ள 0-ஐ எடுத்துவிட்டு, 12 என்று தொடர வேண்டும். இந்தியாவுக்கு +91, சிங்கப்பூருக்கு +65, பிரிட்டனுக்கு +44, ஆஸ்திரேலியாவுக்கு +61. சேமிக்கும் இடம் சிம்மாக இருக்கக் கூடாது, கூகுள் கணக்காக இருக்கட்டும். சிம் தொலைந்தால் அதிலுள்ள பெயர்களும் தொலையும்.

கூகுள் கணக்கு என்றதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பாவுக்குப் புதுக் கைப்பேசி வாங்கும்போதெல்லாம் அவசரத்தில் புதிய கூகுள் கணக்கு திறந்துவிடுகிறீர்கள். ஆண்ட்ராய்டில் புலனத்தின் உரையாடல்கள் காப்பெடுக்கப்படுவது பழைய கணக்கில். அதே எண், அதே கணக்கு இரண்டும் இருந்தால்தான் அவை திரும்பி வரும். இறந்துபோன தோழரின் குரல் பதிவுகள் இப்படிப் போய்விட்டால் எந்தக் கடைக்காரராலும் மீட்டுத் தர முடியாது. கணக்கின் மின்னஞ்சல் முகவரியையும் மறைச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். இலவச இடம் 15 ஜிபிதான். புலனக் காப்பும் அதற்குள்தான் அடங்க வேண்டும் என்பதால், குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்கள் தாமாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள்.

இரு-படிச் சரிபார்ப்பை இன்றைக்கே போட்டுவிடுங்கள்: அமைப்புகள், கணக்கு, இரு-படிச் சரிபார்ப்பு. 6 இலக்க எண் ஒன்றைத் தேர்ந்து, கூடவே மின்னஞ்சலையும் கொடுங்கள். மறந்தால் மீட்க அதுவே வழி. குறுஞ்செய்தியில் வரும் 6 இலக்கக் குறியீட்டை "தெரியாமல் உனக்கு அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்பு" என்று மோசடிக்காரர்கள் நண்பரின் பெயரிலேயே கேட்பார்கள். இரு-படிச் சரிபார்ப்பு போடாமல் அதைக் கொடுத்தால் உங்கள் கணக்கு அவர்கள் கைக்குப் போகும். அடுத்து உங்கள் பெயரில் உங்கள் நண்பர்களிடம் பணம் கேட்பார்கள். பணம் கேட்டு வரும் எந்தச் செய்திக்கும் முதலில் சாதாரண அழைப்பில் பேசிக் குரலைக் கேளுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் மலேசியாவின் தேசிய மோசடிப் புகார் மையத்தை 997 எண்ணில் அழையுங்கள்.

"எத்தனை தடவை அடித்தேன், எடுக்கவேயில்லை" என்ற மனக்கசப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். பல மலிவு விலைக் கைப்பேசிகள் மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளைத் தூங்க வைத்துவிடும். அப்போது அழைப்பு மணி ஒலிக்காது. கைப்பேசியைத் திறந்த பிறகே தவறிய அழைப்பு வந்து நிற்கும். அமைப்புகளில் செயலிகள், வாட்ஸ்அப், பேட்டரி என்று போய்க் கட்டுப்பாடில்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். அறிவிப்புகளுக்கு அனுமதி இருக்கிறதா என்றும், புலனத்தில் அறியாத அழைப்பாளர்களை அமைதிப்படுத்தும் வசதி போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வசதி இருந்தால், பல வருடம் கழித்துப் புது எண்ணிலிருந்து தேடி அழைக்கும் பழைய நண்பரின் மணியும் ஒலிக்காது. நண்பரைக் கோபிப்பதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

தோட்டத்துக்குள்ளேயே இன்னும் இருப்பவர்களுக்குச் சிக்னல்தான் சிக்கல். செம்பனை மட்டைகளில் உள்ள ஈரம் அலையை உறிஞ்சும். மழைக்குப் பின் இன்னும் மோசம். 900 மெகாஹெர்ட்ஸ் அலை தோப்பைக் கடந்து தூரம் போகும், வேகம் குறைவு. 2600 வேகமானது, மரங்களில் மாட்டிக்கொள்ளும். கைப்பேசியைப் பற்றி, சிம் நிலை என்ற பக்கத்தில் சிக்னல் அளவு இருக்கும். மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் சிறிதாக இருந்தால் சிக்னல் நல்லது. மைனஸ் 95 டிபிஎம் என்றால் காணொளியே பேசலாம். மைனஸ் 115-ஐத் தாண்டினால் குரலும் விட்டுவிட்டு வரும். சில அடி தள்ளி நின்றாலே அந்த எண் மாறும். வீட்டைச் சுற்றி நடந்து, நல்ல எண் காட்டும் இடத்தில் நாற்காலியைப் போடுங்கள். 2021 இறுதியில் 3ஜி நிறுத்தப்பட்டதால், 4ஜி வழியே குரல் அழைப்பு போகும் வோல்டி வசதி இல்லாத கைப்பேசி சாதாரண அழைப்புக்கு 2ஜிக்கு இறங்கிவிடும்; அந்நேரம் இணையம் நிற்கும்.

காணொளி உறைந்தால் பெரும்பாலும் பதிவேற்றும் வேகம்தான் குறைகிறது. படத்தை அணைத்துவிட்டுக் குரலில் தொடருங்கள். வைஃபை ஒரே ஒரு கோடு காட்டினால் அதை அணைத்து டேட்டாவுக்கு மாறுங்கள். ரௌட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் தூரத்து நட்புக்கு மிகப் பொருத்தமானது குரல் பதிவுதான். ஒலிவாங்கிப் படத்தை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். விரலை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசலாம். ஒரு நிமிடப் பதிவுக்கு ஒரு மெகாபைட் கூடச் செலவாகாது. சிக்னல் இல்லாத நேரத்தில் பதிந்தாலும், சிக்னல் கிடைத்தபின் போய்ச் சேரும். எழுதப் படிக்கத் தயங்குபவர்களும் தயங்காமல் பேசுவார்கள். எழுத விரும்புகிறவர்கள் தமிழிலேயே எழுதலாம். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலி இருக்கிறது, கூகுள் விசைப்பலகையில் தமிழைப் பேசினால் எழுத்தாகவும் வரும்.

குழுவாகப் பேசுவதற்கு ஞாயிறு மாலை 7 மணியைப் பரிந்துரைக்கிறேன். அப்போது சென்னையில் மாலை 4.30. லண்டனில் குளிர்காலத்தில் முற்பகல் 11, கோடையில் நண்பகல் 12. மெல்பர்னில் இரவு 9, அங்கே கோடை நேரம் நடக்கும்போது 10. யாருக்கும் தூக்கம் கெடாது. புலனத்தில் 32 பேர்வரை சேரலாம். ஸூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் நிற்கும். கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூவரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். ஸ்கைப் 2025 மே 5-இல் மூடப்பட்டது. அதில் மட்டுமே இருந்த நண்பர்களை வேறு வழியில் தேடிப் பிடியுங்கள். ஒரே அறையில் இரண்டு கைப்பேசியில் சேராதீர்கள், எதிரொலி காதைக் கிழிக்கும். என் கணிப்பில் ஐந்தாறு பேருக்கு மேல் போனால் யாரும் யாரோடும் பேசுவதில்லை. இருநூறு பேர் உள்ள முன்னாள் மாணவர் குழுவுக்குள் சின்னக் குழுக்கள் இருக்கட்டும்.

இவற்றை ஒரு கைப்பேசியில் சரிசெய்ய அரை மணி நேரம் ஆகும். ஆலயப் பொறுப்பாளர்களும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களும் மாதம் ஒரு ஞாயிறு மண்டபத்தில் நான்கு மேசை போட்டு, இளைஞர்களை உட்கார வைத்து, பெரியவர்களுக்கு இதைச் செய்து கொடுக்க வேண்டுகிறேன். இரு-படிச் சரிபார்ப்பு எண்ணை மட்டும் பெரியவரே அழுத்தட்டும். உதவி செய்பவர் அந்நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும்.

இங்ஙனம்,
கைப்பேசி பழுதுபார்ப்பவர்,
சுங்கை சிப்புட், பேராக்.