மசாலாத் தேநீர் லாட்டேயும் முன்கூட்டியே கலந்த சர்க்கரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடைகளில் உடனுக்குடன் தயாரித்துத் தரப்படும் பானங்களுக்கும் 2023 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரின் நியூட்ரி-கிரேட் விதிமுறை (சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு அளவுகளைக் கொண்டு பானங்களுக்கு ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் இடுவது) விரிவுபடுத்தப்பட்டதிலிருந்து, விலைப்பட்டியலில் ‘சி’, ‘டி’ எழுத்துகளைப் பார்த்துவிட்டு வாங்கும் பழக்கம் நம்மில் பலருக்கு வந்திருக்கிறது. காப்பிக்கடையில் ‘சியூ டாய்’ (சர்க்கரை குறைவாக) என்றோ ‘கோசோங்’ (சர்க்கரை இல்லாமல்) என்றோ சொல்லிச் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளவும் நமக்கு நன்றாகவே தெரியும். ஆனால், கஃபேக்களில் ‘சாய் லாட்டே’ என்று விற்கப்படும் மசாலாத் தேநீரிடம் இந்த வித்தை பெரும்பாலும் பலிப்பதில்லை. பல இடங்களில் அது தேயிலை, மசாலா, சர்க்கரை மூன்றையும் முன்கூட்டியே கலந்துவைத்த பாகிலிருந்தோ பொடியிலிருந்தோ தயாராவதே காரணம். இனிப்பைக் குறைக்கச் சொன்னால் பாகைத்தான் குறைக்க வேண்டும். பாகைக் குறைத்தால் ஏலமும் இஞ்சியும் சேர்ந்தே குறைந்து, கோப்பையில் சூடான பால்தான் மிஞ்சும்.

இது சின்ன விஷயமன்று. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அந்தப் பானம் ‘டி’ தரத்தில் சேரும். சர்க்கரையால் ‘டி’ பெற்ற 300 மில்லிலிட்டர் கோப்பை ஒன்றைக் குடித்தால் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளே போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது கூடுதல் நன்மை தரும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிறிய கடைகளுக்கு இந்த விதிமுறையிலிருந்து விலக்கு இருப்பதால், எழுத்து எதுவும் ஒட்டப்படாத கோப்பையில் சர்க்கரை குறைவு என்றும் எண்ணிவிட முடியாது.

ஆகவே, ஆறேழு வெள்ளி கொடுத்து வாங்கும் இப்பானத்தை வீட்டிலேயே தயாரிப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. அதற்கு இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் சேர்ப்பது என்ற வரிசைதான் முக்கியம். இருவருக்கு ஒன்றரைக் கோப்பைத் தண்ணீரில் நசுக்கிய ஏலக்காய் நான்கு, கிராம்பு இரண்டு, மிளகு ஐந்தாறு, ஓர் அங்குலப் பட்டை, தட்டிய இஞ்சித் துண்டு ஒன்று ஆகியவற்றைப் போட்டு, மூடிவைத்து, மிதமான தீயில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். தேயிலையை மசாலாவோடு சேர்த்தே போட்டு நெடுநேரம் கொதிக்க வைப்பவர்கள், வாசனை இறங்குவதற்குள் துவர்ப்பைத்தான் இறக்கிவிடுகிறார்கள். தேக்கா (லிட்டில் இந்தியா) கடைகளில் கிடைக்கும் குருணைத் தேயிலை இரண்டு தேக்கரண்டியைப் பிறகு போட்டு, மூன்று நிமிடத்தில் வடிகட்டிவிட்டால் நிறமும் திடமும் போதுமான அளவு இறங்கியிருக்கும்.

இஞ்சியைத் தண்ணீரிலேயே கொதிக்க வைக்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. தென்சீனத்தார் கொதிக்காத சூடான பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றித் தயிர்போல் உறையச் செய்து இனிப்பாக உண்பது இந்த நொதியை நம்பித்தான். கொதிநீரில் அது செயலிழந்துவிடும் என்பதால், பின்னர் பால் சேர்க்கும்போது திரியாது. பட்டையிலும் ஒரு கவனம் வேண்டும். தடித்து, ஒற்றைச் சுருளாக இருப்பது காசியா. காகிதம்போல் மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருப்பது இலங்கைப் பட்டை. அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் காசியாவில் அதிகம், இலங்கைப் பட்டையில் மிகக் குறைவு. எப்போதாவது குடிப்பவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தினமும் குடிப்பவர் விலை சற்றுக் கூடினாலும் இலங்கைப் பட்டையை வாங்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மாதத்தில் கட்டிதட்டி மணமிழந்துவிடும் மசாலாப் பொடியைவிட, முழுப் பொருள்களை அவ்வப்போது தட்டிப் போடுவதே மேல்.

பாலைத் தனியே சூடாக்கும்போது பொங்கவிடக் கூடாது. ஆவி எழத் தொடங்கியதும், அதாவது 60 முதல் 65 டிகிரி செல்சியசில், அடுப்பிலிருந்து இறக்கி, மின்கலத்தில் சுழலும் சிறிய நுரைப்பானைப் பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பிடித்தால் நுண்ணிய நுரை எழும். டம்ளரும் டவராவும் வைத்து ஆற்றினாலும் நுரை வரும். ஆனால் அது பெருங்குமிழாக எழுந்து விரைவில் அடங்கிவிடும். எனக்கு அதுவே பிடிக்கும் என்பது வேறு.

வீட்டில் தயாரித்தாலே நல்ல தரம் என்று நான் வாதிட வரவில்லை. முழுக்கொழுப்புப் பாலில் 100 மில்லிலிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு இருப்பதால், சர்க்கரையே சேர்க்காமல் முழுதும் பாலில் போட்டாலும் அந்த லாட்டே ‘சி’ தரத்தில்தான் நிற்கும். பாதி வடிநீர், பாதி பால் என்றால் ‘பி’ தரத்துக்கு வந்துவிடலாம். சர்க்கரையோ பனங்கற்கண்டோ, அவரவர் கோப்பையில் அவரவரே கடைசியாகச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் நீரிழிவு உள்ளவருக்குத் தனிப் பாத்திரம் வைக்க வேண்டியதில்லை.

இதையே கடைகளும் செய்யலாம். வடிகட்டிய மசாலா நீர், சர்க்கரை இல்லாமல், குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் கெடாமல் இருக்கும். காலையில் ஒரு முறை காய்ச்சி வைத்துக்கொண்டு, இனிப்பின் அளவை வாடிக்கையாளரிடம் கேட்டுச் சேர்ப்பது தே ஹாலியா (இஞ்சித் தேநீர்) போடும் நம் கடைக்காரர்களுக்குப் புதிதன்று. சங்கிலிக் கடைகள் அதற்கு முன்வரும் வரை, தங்கள் நாளிதழின் சமையல் பகுதியில் இத்தகைய பானங்களின் செய்முறையை வெளியிடும்போது, ‘தேவையான அளவு சர்க்கரை’ என்று விட்டுவிடாமல், கோப்பைக்கு எத்தனை கிராம் என்றும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஈசூன் வாசகர்